மாளிகாவத்தைக்குப் போக வேண்டிய நெகட்டிவ்

பத்து வயதில் என் சின்னம்மாவின் தொழிலைக் கெடுத்தவன் நான். வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடிப் பெண் தன் வீட்டுக் கதவில் 'பெண்களுக்கான போட்டோ ஸ்டூடியோ' என்று எழுதி ஒட்டியதைப் பார்த்ததும் அந்தப் பழைய குற்றம் நினைவுக்கு வந்தது.

அந்நாளில் கொட்டாஞ்சேனையில் சின்னம்மாவும் வீட்டு முன்னறையில் பெண்களை மட்டுமே படம் பிடித்தார். மாளிகாவத்தை முஸ்லிம் பெண்கள் அவரை நம்பி, முக்காட்டை விலக்கி உட்காருவார்கள். படத்துடன் நெகட்டிவையும் அவர்களிடமே கொடுத்துவிடுவார். அதில் முகம் கறுத்து, முடி வெளுத்திருப்பது எனக்குத் தீராத புதிர். ஒன்றைத் திருடி, வகுப்பு ஜன்னலில் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். கதை மாளிகாவத்தைக்கு எட்டியது. பெண்கள் வருவது நின்று, ஸ்டூடியோவும் மூடப்பட்டது. எடுத்தது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன கிழமை ஹெந்தளைக்குப் போய், தொண்ணூறை எட்டிய சின்னம்மாவிடம் அந்த நெகட்டிவைக் கொடுத்து ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்தார்.

"இவ்வளவு வருசமும் வச்சுப் பாத்துக்கொண்டோடா இருந்தனீ?"

"ஓம், சின்னம்மா."

உறையில் போட்டு ஒட்டினார். அந்தப் பெண்ணின் பெயர் அவருக்கு மறக்கவில்லை. மேலே எழுதித் தந்தார்.

"அவவின்ட சாமான். அவவிட்டக் குடு."

இப்போது மாளிகாவத்தையில் வீடு வீடாக அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கிறேன்.

"போட்டோ ஏதும் ஈக்கா, ஐயா?" என்று கேட்கிறார்கள்.

உறை இருக்கும் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு, இல்லை என்கிறேன்.