பசுவின் காது

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் வாடகைக்கு அறை பிடித்து, நானும் இரண்டு தோழிகளும் சின்னதாக ஒரு சங்கம் ஆரம்பித்தோம். பேங்க் வாசலை மிதிக்கவே தயங்கும் பெண்களுக்குச் சிறு கடன் கொடுப்பது எங்கள் வேலை. ஆளுக்கொரு வளையலை விற்றும், தெரிந்தவர்களிடம் கையேந்தியும் சேர்த்த பணம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊரைத் திருத்தப் பிறந்தவள் என்று ஒரு நினைப்பு வேறு.

எங்களிடம் முதன்முதலில் கறவை மாட்டுக்குக் கடன் வாங்கியவர், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர் அக்கா ஒருவர். கணவரை இழந்தவர். மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தோம். அதற்கு அடையாளமாக மாட்டின் காதில் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றைக் குத்திவிடுவார்கள். மாடு செத்தால் வில்லையோடு காதை அறுத்து விழுப்புரம் ஆபீசில் காட்ட வேண்டும். அப்போதுதான் பணம் வரும், கடன் அடையும். ரேஷன் கார்டை மறக்காமல் எடுத்து வாருங்கள் என்பதுபோல இதையும் கூட்டத்தில் சொல்லி முடித்தேன். இத்தனைக்கும் நான் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். விளக்கில் பூச்சி விழுந்துவிடும் என்று பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வீடு எங்களுடையது.

ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலையில் அந்த அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்து, வயிறு உப்பி மாடு செத்துப்போனதாகச் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, "காது எங்கக்கா?"

"அப்படியே பொதைச்சிட்டோம்மா. கத்தி எடுத்துக்கினுதான் போனேன். கண்ணு தொறந்துக்கினே இருந்திச்சி. என்னால ஆவல."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. காது இல்லையென்றால் கடன் முழுவதும் அவர் தலையில்தான் விழும். எங்களுக்கும், முதல் மாட்டுக் கடனே முழுகிப்போனால் யார் நம்பிப் பணம் தருவார்கள்? தோண்டி எடுத்துவிடலாம் என்று அவரையும் இழுத்துக்கொண்டு அப்போதே பஸ் ஏறினேன். வழியில் அவரிடம் சாப்பிட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லை ஓரத்தில் புதைத்திருந்தார்கள். அக்காவின் கொழுந்தன் மண்வெட்டியோடு தயாராக வந்து நின்றார். "ஜல்தியா எடுத்துடலாம்மா, ஆழமா ஒண்ணும் பொதைக்கல."

மண்மேட்டில் மஞ்சள் தெளித்துக் கனகாம்பரம் வைத்திருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "தோண்டணும்னா தோண்டிக்கோங்கம்மா. நம்பிக் குடுத்தீங்க, வேணாம்னு சொல்ல எனக்கு வாயில்ல. நான் மட்டும் இங்க நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

தோண்ட வேண்டாம் என்றேன். கொழுந்தன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கடைசியில் அக்காதான் திரும்பி வந்து, ஒரு சொம்பில் கேப்பைக்கூழைக் கரைத்துக் கொடுத்து, "வுடும்மா, கைகாலு நல்லாத்தான் இருக்குது, கட்டிடறேன்" என்று தேற்றினார். மாட்டை இழந்தவர் அவர், தேற்றப்பட்டவள் நான்.

கடனில் பாதியைத் தள்ளிவிடுகிறோம் என்று நாங்கள் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போய், சிறுகச் சிறுக முழுவதையும் கட்டி முடித்தார்.

இன்ஷூரன்ஸ் விதியை எங்களால் மாற்ற முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் காதை அறுத்து வாருங்கள் என்று நான் சொன்னதில்லை. மாடு செத்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன் என்றுதான் சொன்னேன். அடுத்த மழைக்காலத்தில் வல்லம் பக்கத்திலிருந்து தகவல் வந்தது, போனேன். வீட்டுக்காரம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மாட்டின் கண்ணைத் துணியால் மூடி, காதை என் கையாலேயே அறுத்தேன். அன்று வீடு திரும்பியதும், செத்த மாட்டைத் தொட்டுவந்த எனக்கு என் அம்மாவே தலைமுழுகத் தண்ணீர் எடுத்து வைத்தார்.

பிறகு எத்தனையோ தடவை அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கை நடுங்கியது. அந்த நடுக்கம் ஒருநாளும் நின்றுவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.