குடல் தட்டிய கை

வயிற்றில் எந்த வலி வந்தாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதற்கு ஒரே பெயர்தான்: குடலேத்தம். குடல் இடம் மாறிவிட்டதாம். விளக்கெண்ணெய் தடவித் தேய்த்துத் தட்டினால் இறங்கிவிடுமாம். மடுல்சீமையில் அதற்குக் கைராசிக்காரி என் நாத்தனார். நானும் கொழுந்து மலையிலிருந்து வலியோடு இறங்கி நேரே அவளிடம்தான் போனேன், புத்தி கெட்டவள்.

இரண்டு நாள் தட்டினாள். மூன்றாம் நாள் காலையில் வலி சட்டென்று நின்றது.

"பாத்தியா புள்ள, எறங்கிருச்சு" என்றாள். அவளுக்கு ஒரே பெருமை. மத்தியானத்துக்குள் என் வயிறு பலகையாக விறைத்தது. குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது, வாயில் வந்ததை உளறினேன். தோட்டத்து லொறியை மறித்து என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவள்தான்.

டொக்டர் தன்னிடம் சொன்னதை அவள் பின்னால் எனக்குச் சொன்னாள்: "குடல்வால் வெடிச்சிருக்கும்மா. வலி நின்னது அதனாலதான். உள்ள கிருமி பெருகி, அதோட நஞ்சு ரத்தத்துல கலந்துருச்சு. வயித்தைத் திறந்து கழுவணும். பொழைப்பாங்கன்னு இப்ப சொல்ல முடியாது."

கண் விழித்தபோது மூக்கில் குழாய், கையில் சேலைன். நாத்தனார் பக்கத்தில் இருந்தாள், ஆனால் என்னைத் தொடவில்லை. கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

தினமும் காலையில் நேர்ஸ் வந்து கேட்பார்: "காத்து பிரிஞ்சுதா?"

"பொம்பளைகிட்ட கேக்குற கேள்வியா மிஸ் இது?" என்று எரிந்து விழுந்தேன்.

"நஞ்சுல ஒங்க குடல் அசையாம கெடக்கு. காத்து பிரிஞ்சாத்தான் அது முழிச்சிருச்சுன்னு அர்த்தம். இல்லாட்டி திரும்பத் திறக்கணும்."

அன்றிலிருந்து வெட்கத்தை விட்டுக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை காற்று பிரிந்தது, வாட்டே திரும்பிப் பார்க்கும்படி. எதிர்க் கட்டில்காரி கை தட்டினாள். நேர்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தார். நாத்தனார் முந்தானையிலிருந்து கையை எடுத்து என் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அழுவாத மதினி, சந்தோசமா இருக்கு" என்றேன். உண்மையாகவே அவ்வளவு சந்தோஷம்.

இப்போது மறுபடியும் கொழுந்து மலையில்தான் இருக்கிறேன். வயிற்றுவலி என்று யாராவது நாத்தனாரைத் தேடி வந்தால் அவள் எண்ணெய்ப் போத்தலைத் தொடுவதில்லை. என்னைக் கூப்பிட்டு, "தழும்பைக் காட்டு புள்ள" என்கிறாள். நான் சேலையை விலக்கிக் காட்டுகிறேன். அதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீலுக்குப் போன் போட்டுவிடுகிறாள்.