ஒரு தாச்சி கங்குன்

போன கிழமை வரை என் குசினியின் மேல்தட்டில் ஒரு பெரிய அலுமினியத் தாச்சி கவிழ்ந்து கிடந்தது. ஒரு பக்கம் நெளிந்துவிட்டது, எறியுங்கள் என்று பிள்ளைகள் அரிக்காத நாளில்லை. நான் விடுவேனா? ஒரு சட்டத்தைத் திருத்தியதில் அதற்கும் பங்குண்டு.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் கணவரின் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தோம். மச்சாள் சட்டத்தரணி. வழக்காட எழும்பினால் எதிரே நிற்பவருக்கு வியர்க்கும். குசினிக்குள் வந்தால் எனக்கு வியர்க்கும். தேத்தண்ணீர்கூடப் போடத் தெரியாது. ஊருக்குப் பின்னாலிருந்த அரசாங்கச் சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்புகிறார்கள் என்று ஓயாமல் மனுப் போட்டவர் அவர். கடைசியில் காப்பு நிலச் சட்டத்தைத் திருத்த ஒரு குழு அமைத்து, அவரையும் அதில் சேர்த்தார்கள். முதல் வரைவு வந்த அன்று மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. அந்த நிலத்துச் செடி கொடி எதையும் யாரும் பறிக்கவோ கையில் வைத்திருக்கவோ கூடாதாம்.

“மண் கொட்டுறவனைப் பிடிக்கச் சட்டம் கேட்டால், கீரை பிடுங்கிறவளை எல்லோ பிடிக்கப் போறாங்கள்.”

எங்கள் ஒழுங்கைக்குக் கங்குன் கீரை கொண்டுவரும் அக்காவைத்தான் சொன்னார். மலையகத்திலிருந்து வந்து வாய்க்கால் கரையில் குடியிருந்த அவர், அந்தச் சதுப்புக் கீரையை விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். மச்சாள் இரண்டு கூட்டங்களில் வாதாடிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டு வந்தார். “கங்குனை ஒரு தாச்சி நிறைய வதக்கு” என்பது மட்டுமே எனக்கு உத்தரவு. தாச்சியை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனேன். சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளி வாசம் எழும்ப, துவக்கை மறந்து “கங்குன்!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “ஓம் மல்லி, கங்குன்தான்” என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி நானும் சிரித்தேன்.

கூட்டத்தில் நானே பரிமாறினேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சிரித்தால் பதவி போய்விடும் என்பது போன்ற முகம். மூன்றாம் முறையும் கங்குனைப் போட்டுக்கொண்டு, தெரிந்த தமிழில் என்னைக் கேட்டார்: “மிக நல்ல கீரை. எங்க வாங்கினது?”

எனக்குப் பொய் வராது. “ஒழுங்கைக்குக் கொண்டு வாற அக்காட்ட, சேர். அந்தச் சதுப்பிலதான் பிடுங்கினவ.”

எல்லோர் கையும் அப்படியே நின்றது. மச்சாளின் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று கரண்டியைக் கீழே வைத்தேன். மச்சாளோ அவசரப்படாமல் ஆறுதலாகக் கை கழுவிவிட்டு வந்தார்.

“அப்ப சேர், எங்கட வரைவின்படி இஞ்ச இருக்கிற எல்லாரும் உள்ளுக்குத்தான். முதல் ஆள் நீங்கள், மூண்டு கரண்டி.”

தலைவர் தன் தட்டைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அன்று பின்னேரமே அந்தப் பிரிவை மாற்றி எழுதினார்கள். மண் கொட்டினால் தண்டனை. கைக்கத்தியால் கீரை அறுக்கத் தடையில்லை.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். “என்னத்துக்கு? அவர் கேப்பார் எண்டும் தெரியும், உனக்குப் பொய் வராது எண்டும் தெரியும்” என்றார் மச்சாள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூடப் பெருமை வந்தது.

சதுப்பு இன்றும் சதுப்பாகவே இருக்கிறது. கீரை அக்காவின் பிள்ளைகள் உத்தியோகத்தில் இருந்தும் அவர் கூடையை விடவில்லை. மச்சாளுக்கு முழங்கால் வலி. தேத்தண்ணீர் போட இன்னும் வராது. போன கிழமை பத்திரிகையும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றார்.

“காப்பு நிலச் சட்டத்தைத் திரும்பவும் திருத்தப் போறாங்களாம்.”

நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறித் தாச்சியை இறக்கினேன்.