புலியக்கா வரையாத கண்கள்

கறுப்பு வெல்வெட்டில் வரைந்த படம் என்றாலே மூக்கைச் சுளிக்கிற மகானுபாவர்கள், ஒரு நாளாவது புலியக்காவின் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். சலூன் சுவரில் உறுமுகிற புலியெல்லாம் ஒரு கலையா என்று கேட்பார்கள். அந்தத் துணியில் பெயிண்ட் பட்டால் பட்டதுதான். அழிக்க முடியாது, சுரண்டினால் துணி வழுக்கையாகிவிடும். மற்றவர்கள் நிழலைத் தீட்டுவார்கள். வெல்வெட்டில் நிழல் முதலிலேயே இருக்கிறது, வெளிச்சத்தைத்தான் வைக்க வேண்டும்.

அந்த மாதிரிப் படம் போடும் பட்டறையில் ஆறு பேர் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் சுண்ணப்பொடியில் உருவம் போட, அடுத்தவர் ஆரஞ்சு, அதற்கடுத்தவர் மீசை என்று துணி மாட்டிய சட்டம் கைமாறி வரும். கடைசியாக நிற்கும் புலியக்கா கண்ணை வைப்பார். இருபத்திரண்டு வருடமாக வெறும் கண். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் கணவருக்காவது நினைவிருக்குமோ என்னவோ.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், எதிர்க்கடையில் துணி தேய்க்கும் பெண் வந்து நின்றாள்.

“எங்கக்காவ வரைஞ்சு குடுப்பீங்களா? பத்தொம்பது வயசுல போயிட்டா. போட்டோ ஒண்ணுகூட இல்ல. இப்பல்லாம் முகம் மறந்து மறந்து போகுது. நானும் மறந்துட்டா, அப்படி ஒருத்தி இருந்தான்னே யாருக்கும் தெரியாது.”

“நாங்க புலிதாம்மா போடுறோம்” என்று முதலாளி கையை விரித்தார்.

“நான் போடுறேன்” என்றார் புலியக்கா. வாழ்நாளில் ஒரு முழு முகம் வரைந்ததில்லை. துணிச்சலைப் பாருங்கள்!

வெட்டி மிஞ்சிய துண்டுகள் இரண்டு கிடைத்தன. பழகிய கை சும்மா இருக்குமா, முதல் துண்டில் கண்ணிலிருந்தே ஆரம்பித்தது. வீட்டில் கணவர் எட்டிப் பார்த்து, “டீயில சர்க்கரை இல்லன்னு சொன்னப்ப என்னை முறைச்சியே, அந்தக் கண்ணா?” என்றார். சாட்சாத் புலிக்கண். சிரிப்பும் அழுகையுமாகப் புலியக்கா அதைச் சுருட்டிப் போட்டார்.

மறுநாள் தேய்க்கும் மேசைக்கே போய் உட்கார்ந்தார்.

“உனக்கு நல்லாத் தெரிஞ்சத மட்டும் சொல்லு. தெரியாதத அடிச்சு விடாத.”

நெற்றியில் ஒட்டிய முடி. மூக்கு நுனி. அடுப்பு வெளிச்சம் படுகிற வலது கன்னம்.

“கண்ணு?”

“ஞாபகமே இல்லக்கா. எப்பவும் குனிஞ்சு அடுப்பத்தான் ஊதிட்டிருப்பா.”

மிஞ்சிய ஒரே துண்டில் புலியக்கா தாழ்ந்த இமையை ஒரு மெல்லிய கோடாக வைத்ததோடு சரி. தங்கை சொல்லாத பாதி முகத்தைத் துணியின் கறுப்புக்கே விட்டுவிட்டார். கண்ணுக்கென்றே பேர் வாங்கிய கை, கண்ணை வைக்காமல் நின்றது. அவர் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான் என்பேன்.

படத்தை வாங்கியவள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இருட்டாக விட்டிருந்த இடது கன்னத்தருகே விரலைக் கொண்டுபோனாள்.

“எங்கக்கா சிரிச்சா இங்க குழி விழும். இங்கதான்! இத்தன வருஷமா எனக்கு ஞாபகமே வரல.”

புலியக்கா தூரிகையை எடுத்தார். “இங்கயா?”

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றாள் தங்கை, அழுதுகொண்டே.