ஊசிக்கும் வலிக்கும் என்று நம்பிய வாரம்

மழுங்கிய ஊசிக்கு இரக்கப்பட்ட தையல் மிஷின் மெக்கானிக் இந்தத் திருப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, முட்டாள்தனத்தில் எனக்குப் போட்டி இல்லை என்கிறேன்.

எல்லாம் கைபேசியில் கேட்ட ஒரு பேச்சால் வந்தது. பேசியவர் விஞ்ஞானி, வயதான பிறகு தத்துவத்துக்குள் நுழைந்தவர். உணர்வு இல்லாத பொருளே கிடையாது, கல்லிலும் இரும்பிலும் துளியளவாவது இருக்கிறது, அங்கே இல்லையென்றால் அதே பொருளால் ஆன நமக்குள் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டார். வேலம்பாளையத்திலிருந்து கம்பெனிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததை உடனே நம்பிவிடுவது என் வழக்கம். அந்த வாரம் முழுக்க ஸ்குருவிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் திருகினேன்.

குழந்தைகள் பனியன் தைக்கும் லைனில் ஒரு பெண் கூப்பிட்டாள். "அண்ணா, ஊசி மொண்ணையாயிருச்சுங்க. மாத்திக் குடுங்க."

"பாவம் அம்மிணி, அதுக்கும் வலிக்குமாம். இன்னிக்கு ஒரு நாள் பொழச்சுப் போகட்டும்."

"ஊசிக்கு வலிக்குமாமா! நல்லா அளக்கறீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே தைத்தாள்.

மதியம் ஊசி அவள் விரலில் இறங்கி உடைந்தது. முனையைக் காணோம். குழந்தை போடும் துணிக்குள் சிக்கியிருந்தால் ஆபத்து. துண்டு கிடைக்கும்வரை லைன் ஓடாது. உடைந்த ஊசிக்கான நோட்டில் சூப்பர்வைசர் 'டெய்லர் கவனக்குறைவு' என்று எழுதினார். அவள் பெயரில் அது இரண்டாவது. மறுநாளிலிருந்து மிஷின் கிடையாது, குறைந்த கூலிக்கு நூல் பிசிறு வெட்ட உட்கார வேண்டியதுதான். நான் பக்கத்தில்தான் நின்றேன். எப்போதும் ஓயாத என் வாய் அப்போது திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் முனை தெரிந்தது. எலும்பும் வெள்ளை, இரும்பும் வெள்ளை, ஒட்டிப் பிறந்ததுபோல. விஞ்ஞானி சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை வெளியே எடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதது அவள்தான். தட்டில் கிடந்த முனையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் சொன்னேன். "தப்பு என்னுதுதான் அம்மிணி. நீ கேட்டப்பவே மாத்தியிருக்கோணும். மனசுல வெச்சுக்காத."

கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்ணா, சூப்பர்வைசர்கிட்டச் சொல்லுங்க."