சாலையின் அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு போலீஸ்காரர் ஆனார். சம்பளம் கிடையாது, தொப்பி கிடையாது. ஒரு ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ஒரு விசிலும்தான். காலையிலும் சாயங்காலமும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேம்பாலச் சந்திப்பில் போய் நின்றுகொள்வார். புனே ஆகுர்டியில் வண்டி செய்கிற தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்த மனிதர். இத்தனை வருஷம் வண்டிகளை ஓடவிட்டது போதாதென்று இப்போது நிறுத்தவும் கிளம்பிவிட்டாரே என்று கிண்டல் செய்வேன். கிண்டல் செய்யாவிட்டால் அழ வேண்டியிருக்கும், அதனால் கிண்டல்.

அந்தச் சந்திப்பில் நெடுஞ்சாலை மேலே போகிறது. கீழே நாலு பக்கமிருந்தும் ரோடு வந்து முட்டிக்கொள்ளும். மேலேயிருந்து இறங்கும் லாரிகளுக்கு நிற்கிற பழக்கமே கிடையாது. ஆட்டோக்கள் எதிர்த்திசையில் வரும். இந்தக் கூத்துக்கு நடுவே நடந்து போகிறவர்கள் உள்ளங்கையை நீட்டிக் காட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டுவார்கள். கையைக் காட்டினால் லாரி நின்றுவிடும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. புனேக்கு வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் கையைக் காட்டப் பழகிவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். விமான் நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை. கம்பெனி பஸ் அவளைச் சந்திப்பின் அந்தப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். பாலத்துக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் திரும்பி வர வேண்டுமென்றால் நெரிசலில் பஸ் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். இறங்கியதும் எனக்குப் போன் செய்வாள். "அம்மா, எறங்கிட்டேன். கல்லப் போடு." அவள் ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்கும் முதல் தோசை வேகுவதற்கும் சரியாக இருக்கும். ஆறிய தோசையைக் கையால் தொடமாட்டாள்.

அன்றைக்கும் போன் வந்தது. கல்லைப் போட்டேன். கல் காய்ந்து புகைந்தது. அடுப்பை அணைத்தேன், மறுபடி பற்றவைத்தேன். எவளோடு நின்று கதை பேசிக்கொண்டிருக்கிறாளோ என்று திட்டினேன். காவலாளி மேலே வந்து கதவைத் தட்டினார். "காக்கூ, நீச்சே ஆயியே" என்று மட்டும் சொன்னார். கீழே வரச் சொன்னவர் எதற்கென்று சொல்லவில்லை. பாலத்திலிருந்து இறங்கி இடது பக்கம் திரும்பிய லாரி, இரண்டு வண்டி வரிசைக்கும் நடுவே நின்றிருந்த என் பெண்ணைப் பார்க்கவில்லையாம். அப்படித்தான் சொன்னார்கள். என்ன சொன்னால் என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

என் வீட்டுக்காரர் அழவில்லை. காரியம் முடிந்த கையோடு அந்த இடத்தில் போய் நிற்க ஆரம்பித்தார். முதலில் சும்மா நின்றார். பிறகு வயதானவர்களைக் கையைப் பிடித்துத் தாண்டவிட்டார். அப்புறம் விசில் வந்தது. டீக்கடைக்காரர் ஒரு கயிறு கொடுத்தார். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இவர் பிடித்துக்கொள்வார். நடப்பவர்கள் பத்திருபது பேர் சேர்ந்ததும் விசில் அடித்து, வண்டிகளை மறித்துக் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பார். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் அவரை 'சிட்டிவாலே காகா' என்று கூப்பிடுவார்களாம். விசில்காரச் சித்தப்பா. இதை அவரே சொன்னபோது முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அந்த ரோட்டுக்கு ஒண்ணக் குடுத்தாச்சு. உங்களையும் சேத்துக் குடுக்கோணுமா?"

"நான் நின்னா நாலு பேரு உசுரோட தாண்டறாங்க."

"ஊர்ல இருக்கறவங்க எல்லாம் தாண்டட்டும். எனக்கு நீங்க வூட்டுக்கு வரோணும்."

பக்கத்து வீட்டுக்காரர் திருப்பூர்க்காரர். ஒருநாள் சமாதானம் செய்ய வந்தவர், "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்களே, அக்கா" என்றார். "வளந்த புள்ள எங்கீங்க தம்பி? காட்டுங்க பாக்கலாம்" என்று கேட்டுவிட்டேன். பாவம், காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பைக்கில் வந்த ஒருவன் இவர் முழங்காலை இடித்துத் தள்ளினான். கட்டுப் போட்டுப் படுக்க வைத்தேன். மறுநாளே நொண்டிக்கொண்டு கிளம்பினார். விசிலை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். போகிற வழியில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். அரிசி அள்ளும்போது பழையது என் கையில் அகப்பட்டது, அழுதேன். நான் அந்தச் சந்திப்புப் பக்கமே போவதில்லை. எங்கே போனாலும் ஆட்டோக்காரரைச் சுற்றிப் போகச் சொல்வேன். ஒவ்வொரு சாயங்காலமும் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருவழியாகச் சந்திப்பைச் சீராக்கும் வேலை தொடங்கியது. இவரும் குடியிருப்புக்காரர்களும் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார்கள். "கண் கெட்ட பொறகு சூரிய நமஸ்காரம்" என்றேன் நான். இவர் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். இடது பக்கம் திரும்பும் வண்டிக்குத் தனி வழி வருகிறது, டிவைடரில் இருக்கும் இடைவெளியை மூடுகிறார்கள், பஸ் ஒதுங்கி நிற்கத் தனி இடம், நடப்பவர்களுக்கு அடியில் சுரங்கப்பாதை. ரசம் சாதத்தில் மேம்பாலம் கட்டினார் மனிதர். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். வேலை முடிகிற அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

முடிந்தது. திறந்த அன்று காலையில் போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார். மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அதன் பிறகு பால்கனியே கதி. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். கேட்டால் "பசிக்கல" என்பார். குடியிருப்பு வாட்ஸப் குழுவில் விமான நிலையத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போக முடிகிறது என்று ஆளாளுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்ட மனிதர் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் வந்தவர் அவராக இல்லை. இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது.

ஒரு சாயங்காலம் புடவையை மாற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றேன்.

"கெளம்புங்க. நானும் வர்றேன்."

நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

"நாந்தான். அப்படி என்னதான் கட்டிவெச்சிருக்காங்கன்னு பாக்கோணும்."

மகள் போன பிறகு நான் அங்கே போவது அதுதான் முதல்முறை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். சுரங்கப்பாதையில் குழல்விளக்கு எரிந்தது. அதற்குள் யாரோ சுவரில் வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்கள். ஒரு பெண்மணி சாக்கை விரித்துக் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் லாரிகள் போகும் சத்தம் லேசாகக் கேட்டது. நடந்தோம், படி ஏறினோம், அந்தப் பக்கம் வந்துவிட்டோம். இவ்வளவுதான்.

அப்போது ஒரு கம்பெனி பஸ் வந்து ஒதுங்கி நின்றது. தோளில் பையோடு ஒரு பெண் இறங்கினாள். காதில் போன், யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே படி இறங்கினாள். நாங்கள் அவள் பின்னால் நடந்தோம். இந்தப் பக்கம் ஏறி, பேச்சை நிறுத்தாமலே தெருவுக்குள் திரும்பிப் போய்விட்டாள். ஒரு வண்டியைக்கூட அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பெற்றவள் மேல் அப்படி ஒரு பொறாமை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

திரும்பிப் பார்த்தால் இவர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. மகளைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத மனிதர், சத்தம் போட்டு அழுதார். கொய்யாப்பழக்காரப் பெண்மணி பாதி வழி வந்து, என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கொஞ்சம் ஆறியதும், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத அப்பவே கட்டியிருந்தா, நம்ம கண்ணும் தெனமும் இப்படித்தான் நடந்து வந்திருப்பா. இங்க இப்படி ஒண்ணு இருக்குதுன்னுகூட நாம கவனிச்சிருக்க மாட்டோம், ஏம்மா."