மைனஸ் ஒன்பது

பதினெட்டு வயதில் யுவராணியின் கண்ணாடிப் பவர் மைனஸ் ஒன்பது. பாளையம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் காபியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி. அப்பா பால்பாண்டி அவளை மதுரைக்குக் கூட்டிப்போய், லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்ற வைத்தார்.

டாக்டரம்மா அன்றே தெளிவாகச் சொன்னார். "முன்பக்கத்தைத்தான் சரிபண்ணியிருக்கோம். ஒங் கண்ணு நீளமா வளந்திருக்கு. அதனால பின்னால இருக்கிற விழித்திரை இழுபட்டு மெலிஞ்சிருக்கு. அது மாறாது. வருஷா வருஷம் வந்து காட்டணும். மின்னல் வெட்டுனாப்ல தெரிஞ்சா அன்னைக்கே வந்துரணும்."

பால்பாண்டியின் காதில் விழுந்தது, இனிமேல் கண்ணாடி வேண்டாம் என்பது மட்டும்தான். "மாப்பிள்ளை வீட்ல மூச்சு விட்றாத தாயி" என்று மகளிடம் சொல்லி, பழைய கண்ணாடியைக் கண்மாயில் எறிந்தார். நல்ல மனுஷன்தான், ஆனாலும் அவரை நினைத்தால், அவளோடு படித்த எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்தாள். கண்ணைக் காட்ட ஒரு தடவைகூட மதுரைக்குப் போகவில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

இந்தப் பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கொசுக்கூட்டம் போலக் கரும்புள்ளிகள் பறந்தன. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது.

"ஏங்க, கண்ணு ஒரு மாதிரியா இருக்கு. மதுரைக்குப் போயிட்டு வருவமா?" என்று கணவன் மருதுபாண்டியிடம் கேட்டாள்.

"அங்கன படுக்கச் சொல்லிட்டாகன்னா என்ன பண்றது? சாமி கும்பிட்டு முடியட்டும். தூக்கம் கெட்ட கண்ணு, வேறென்ன" என்றான் அவன்.

பழைய பவரைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். எட்டாம் நாள் முளைப்பாரியைக் கரைத்துத் திருவிழா முடிந்தபோது, அந்தக் கண்ணில் கீழிருந்து இருட்டு ஏறி முழுசாக மூடிவிட்டிருந்தது.

"விழித்திரை கிழிஞ்சு கழண்டிருச்சு" என்றார் மதுரை டாக்டர். "மொத நாளே வந்திருந்தா லேசர்லயே ஒட்டிப் பாத்திருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணாலும் எழுத்துப் படிக்கிற அளவுக்குப் பார்வை வராது. முன்னாடி பவர் இருந்துச்சா?"

"இல்லைங்க" என்று மருதுபாண்டி முந்திக்கொண்டான்.

"மைனஸ் ஒன்பது" என்றாள் யுவராணி.

இத்தனை வருஷமும் அவன் கோபத்துக்குத்தான் பயந்திருந்தாள். அவன் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, காப்பாவது ஒண்ணாவதுன்னு கூட்டியாந்திருப்பேனே புள்ள."

அவன் சொன்னது மெய் என்று அவளுக்குத் தெரிந்தது. கண் போனதைவிட அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.